மலைநாட்டு ஈரத்தில் பழைய பயனெட்: எண்ணெயா, வாசலினா, மெழுகா?

கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அது தினமும் கல்லில் தீட்டுப்படுகிறது, தேயிலைத் தண்டில் உரசுகிறது, மாலையில் துடைக்கப்படுகிறது. துருப்பிடிக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதே எண்ணெயைப் பங்களா ஸ்டோரிலிருந்து வந்த ஒரு 1907 மாதிரிப் பயனெட்டில், அதாவது பிரிட்டிஷ் துவக்கின் முனையில் பூட்டும் கத்தியில், தடவி, உறையில் செருகி, அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டால் ஒரு மழைக்காலம் போதும், அலகில் செம்புள்ளி விழுந்துவிடும். வேலை செய்கிற இரும்பு வேறு, சும்மா கிடக்கிற இரும்பு வேறு. சும்மா கிடக்கிற இரும்புக்கு என்ன பூசுவது என்பதுதான் இங்கே கேள்வி.

தேங்காய் எண்ணெயை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். ஆகவே பூசிய எண்ணெய் வெள்ளைத் திட்டுத்திட்டாக இறுகும், திட்டுகளுக்கு இடையில் இரும்பு வெறுமையாக நிற்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் மிஞ்சியிருக்கும் ஈரமும் கொழுப்பமிலமும் இன்னொரு தொல்லை. பித்தளை, செம்பு எங்கே இருக்கிறதோ அங்கே அமிலம் வேலை செய்து பச்சைப் பிசினாகத் திரளும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசுக்காகி, கடைசியில் அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சமையலறைப் போத்தல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. பழைய எஞ்சின் ஒயிலும் அப்படித்தான். எரிந்த எரிபொருளின் அமிலமும் நீரும் அதிலேயே கரைந்திருக்கின்றன.

மிஞ்சுவது மூன்று: மெல்லிய கனிம எண்ணெய், அதாவது தையல் மெஷின் எண்ணெய் அல்லது துவக்கு எண்ணெய், வாசலின் அல்லது கிரீஸ், மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. மூன்றும் நல்லவைதான். எது எந்த அலகுக்கு என்பதில்தான் பிழை நடக்கிறது.

முதலில் கையிலிருப்பது என்ன என்று பாருங்கள்

மலைநாட்டில் இப்படிப்பட்ட சாமான் கிடைப்பது அதிசயமல்ல. தோட்டத்துரைமாரின் தொண்டர் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900இல் தொடங்கி 1949 வரை இருந்தது, தலைமையகம் கண்டியில். தியத்தலாவையில், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் முகாம் 1900இல் அமைந்தது. அதன் பின்னும் அது படை ஊராகவே நிலைத்தது. 1944இல் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. இதனாலெல்லாம் உங்கள் கையிலிருப்பது இன்னாருடையது என்று ஆகிவிடாது. விற்பவர் சொல்லும் கதையை விட்டுவிட்டு அலகின் முத்திரையைப் படியுங்கள்.

1907 மாதிரியில் அலகு 17 அங்குலம், ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர். பிடிக்குப் பக்கத்தில் தட்டையாக இருக்கும் அடிப்பகுதியில் ஒரு பக்கம் கிரீடமும் அரசரின் எழுத்துகளும், 1907 என்ற மாதிரி ஆண்டும், செய்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயரும் இருக்கும். வில்கின்சன், சான்டர்சன், சாப்மன் என்றால் இங்கிலாந்து. லித்கோ என்றால் அவுஸ்திரேலியா. இஷாப்பூர் என்றால் இந்தியா. மறுபக்கத்தில் அகன்ற அம்புக்குறி, வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறி, பரிசோதகர் முத்திரைகள். இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 12 அங்குலமாகக் குறுக்கியவையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் நான்காம் எண் துவக்கின் பயனெட் வேறு வகை: கத்தியே இல்லை, 8 அங்குல ஆணி, உறை ஓர் இரும்புக் குழாய்.

இங்கே முத்திரையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தட்டையான அடிப்பகுதிதான் கைபடும் இடம், உறையின் வாயிலுள்ள பட்டை ஸ்பிரிங் உரசும் இடம், ஈரம் முதலில் தங்கும் இடம். விரல் பட்ட அலகை மழை வாரத்தில் துடைக்காமல் விட்டுப் பாருங்கள். சில நாளில் அங்கே விரல் ரேகை கோடு கோடாகப் பழுப்பு நிறத்தில் எழும்பிவரும். வியர்வையிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அந்தக் கோடுகளிலேயே வைத்துக்கொள்கிறது. அதைப் போக்க உரசினால் கீழே இருக்கும் முத்திரையின் விளிம்பும் சேர்ந்து மழுங்கும். பூச்சு எதுவாக இருந்தாலும் வெறுங்கையால் அலகைத் தொடக்கூடாது என்பது இதனால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மேற்பரப்பு. வெள்ளையாக மினுங்கும் பளபள உருக்கா, கருநீலம் ஏற்றியதா, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பொஸ்பேற் பூச்சா, கறுப்புப் பெயின்டா? துரு தின்ற குழிப்புண் இருக்கிறதா, வழுவழுப்பா? மூன்றில் எது என்பதற்கு விடை இந்த இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

எண்ணெயின் பலம் ஊடுருவல். குழிக்குள், திருகு மரைக்குள், பிடித்தலையிலுள்ள அமுக்குப் பொத்தானின் ஸ்பிரிங்குக்குள் அது தானே போகும். பொஸ்பேற் பூச்சுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. அந்தப் பரப்பு நுண்துளைகளால் ஆனது, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். 17 அங்குல அலகின் இரு பக்கத்துக்கும் 4 அல்லது 5 சொட்டுப் போதும். பழைய பெனியன் துணியில் விட்டுத் தேய்த்தபின் அலகு ஈரமாகத் தெரியக்கூடாது, மங்கலாக மினுங்க வேண்டும்.

பலவீனம் அது நிற்காதது. சுவரில் செங்குத்தாகத் தொங்கும் அலகில் எண்ணெய் மெல்ல மெல்லக் கீழிறங்கி, மேற்பாதி காய்ந்து, நுனியில் மட்டும் சொட்டாகத் திரண்டு நிற்கும். தோலுறைக்குள் வைத்தால் தோல் அதைக் குடித்துவிடும். அலகுக்கும் இல்லை, தோலும் தொளதொளத்துப் போகும். வட்டவளை, ஹட்டன் பக்கம் என்றால் மழை மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை துடைத்துப் பூச வேண்டும். செய்வேன் என்று எல்லோரும் சொல்வார்கள். செய்பவர் சிலர்தான், அதனால்தான் எண்ணெயை இரண்டாம் இடத்தில் வைக்கிறோம். நீலக் குழாய் டபிள்யூடி-40 பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதன் பெயரே நீரை விலக்கும் 40ஆவது கலவை என்பதன் சுருக்கம். நனைந்த அலகிலிருந்து நீரை வெளியேற்ற அது கெட்டிக்காரத்தனமான சாமான். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சும் படலம் மிக மெல்லியது. அதையே காவலாக நம்பி ஆறு மாதம் விடக்கூடாது.

வாசலின் நேர் எதிர். அசையாது, வடியாது, நீரைக் கிட்டே விடாது. வெளிநாடு போகிறீர்கள், பெட்டியை ஒரு வருடம் யாரும் திறக்கப் போவதில்லை என்றால் இதுதான். குழிவிழுந்த அலகுக்கும் இதுவே நல்லது. மெழுகு குழியின் அடிக்கு இறங்காது, வாசலினை இளஞ்சூட்டில் தேய்த்தால் இறங்கும். ஓர் அலகுக்குக் கால் தேக்கரண்டி. நுவரெலியாக் குளிரில் அது விறைத்திருக்கும், எனவே டப்பாவைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி, கையுறையோடு தடவுங்கள். வாகனக் கிரீஸைவிட வாசலின் மேல் என்போம். கிரீஸ் என்பது எண்ணெயும் சவர்க்காரமும் சேர்ந்த கலவை. நாட்பட்டால் எண்ணெய் பிரிந்து வடிந்து சவர்க்காரக் கட்டி மட்டும் நிற்கும்.

வாசலினின் குறை, அது மறைப்பது. தடித்த படலத்துக்குக் கீழே துரு ஓடினாலும் கண்ணுக்குத் தெரியாது. தூசி ஒட்டும், அடுப்புப் புகை படியும் லயக் காம்பராவில் ஒரு மாதத்தில் கறுத்துவிடும். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் விரல் பட்ட இடம் வெறுமையாகும். காட்சிக்கு வைக்கும் பொருளுக்கு இது பொருந்தாது.

மெழுகு என்று சொல்வது மெழுகுதிரி மெழுகையோ தேன்மெழுகையோ அல்ல. தேன்மெழுகில் அமிலம் உண்டு. கார் பொலிஷிலும் பலவற்றில் அரைக்கும் தூள் கலந்திருக்கும். சப்பாத்துப் பொலிஷில் சாயம். வேண்டியது பெற்றோலியத்திலிருந்து வரும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. அருங்காட்சியகங்களில் பரவலாகப் பயன்படும் ரெனெசான்ஸ் வக்ஸ் இந்த வகை. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான கலவை. 65 மில்லிலீற்றர் டின் ஒன்று சிறு சேகரிப்புக்குப் பல வருடம் வரும், ஆதலால் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். காய்ந்தால் கடினமான, நிறமற்ற படலம். தூசி ஒட்டாது, தோலைக் கெடுக்காது, மரப்பிடிக்கும் பித்தளைக்கும் அதையே பூசலாம். பளபள உருக்கிலும் நல்ல கருநீல அலகிலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் நிற்கும். பெயின்ட் பூசிய அலகில் மட்டும் கவனம், மெழுகிலுள்ள கரைப்பான் பெயின்டை இளக்கலாம். ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

மெழுகு மன்னிக்காத சாமான். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசினால் பிடிக்காது, இழுபடும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். எண்ணெய் பூசியதற்கு மேல் மெழுகும் பூசினால் இரட்டைக் காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது இரண்டும் கலந்து வழவழவென்று ஆவதுதான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆக, வழுவழுப்பான அலகு, வீட்டில் கண்ணில் படும்படி வைக்கப் போகிறீர்கள் என்றால் மெழுகு. குழிவிழுந்தது, அல்லது நீண்ட நாள் பூட்டி வைப்பது என்றால் வாசலின். பொஸ்பேற் பூச்சும் ஆணிப் பயனெட்டும் என்றால் எண்ணெய். மெழுகு பூசிய 1907இலும் அமுக்குப் பொத்தானுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தேவை. ஊசி நுனியில் எடுத்து விடுங்கள், அலகில் வழியக் கூடாது.

பூசுமுன் செய்ய வேண்டியது

துருவைப் பார்த்ததும் புளியும் தேசிக்காயும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்காருவது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. உருக்கில் அமிலம் துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் அரித்து, சாம்பல் நிற மங்கலை விட்டுப் போகும். நூறு வருடத்துப் பழமை நிறம் ஒரு மாலையில் போய்விடும். கம்பிச் சக்கரம் பூட்டிய கிரைண்டர் அதைவிடக் கொடுமை. முத்திரை போன பயனெட் சேகரிப்பாளருக்கு வெறும் இரும்புத் துண்டு.

கறுப்பாக, இறுக்கமாக ஒட்டியிருக்கும் படலத்தைத் தொட வேண்டாம். அது அடங்கிய துரு, ஒருவகையில் காவல்தான். எடுக்க வேண்டியது செந்நிறத் தூள் மட்டும். வெள்ளைத் துணியால் மூன்று இடத்தில் ஒற்றிப் பாருங்கள்: அலகும் குறுக்குக் காப்பும் சேரும் மூலை, நீளப் பள்ளத்தின் அடி, உறை வாய் உரசும் இடம். துணியில் செம்மஞ்சள் ஏறினால் துரு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, காது குடையும் பஞ்சில், பெயின்ட் கரைக்கும் வைட் ஸ்பிரிட் நனைத்து பழைய பிசுக்கைக் கரைக்கலாம். மண்ணெண்ணெயும் கரைக்கும், ஆனால் தானே ஒரு பிசுக்கை விட்டுப்போகும், எனவே கடைசித் துடைப்பு வைட் ஸ்பிரிட்டில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். செந்துரு உள்ள இடத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, கூராக்கிய மூங்கில் குச்சியாலோ செப்புத் தகட்டின் ஓரத்தாலோ சுரண்டுங்கள். செம்பு உருக்கைவிட மென்மையானது, கீறாது. பழைய செப்புச் சதக்காசும் இதற்கு ஆகும், காசு சேகரிக்கும் நண்பர் பார்க்காமலிருந்தால். நாலு பூச்சியம் எண் கொண்ட மிக நுண்ணிய இரும்புப் பஞ்சை எண்ணெயோடு பளபள உருக்கில் மட்டும் மெதுவாகப் பயன்படுத்தலாம். கருநீலத்தில் அழுத்தித் தேய்த்தால் நிறமே போய்விடும்.

பிறகு மறுபடி வைட் ஸ்பிரிட்டால் துடைத்து, அலகைச் சூடேற்றுங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மலைநாட்டில் இரும்பு பல வேளைகளில் காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த அறையிலிருந்து சமையலறைக்கு எடுத்து வந்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி அலகிலும் பனி பூக்கும். சூடேற்றாவிட்டால் அந்த ஈரப் படலத்தின் மேல்தான் பூச்சைப் போடுகிறோம். முடி உலர்த்தியால் ஒரு சாணுக்கு அப்பாலிருந்து கைபொறுக்கும் சூடு வரும்வரை ஊதுங்கள், அல்லது நல்ல வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். மரப்பிடியில் காற்றைக் காட்டாதீர்கள், மரம் பிளக்கும். மெழுகு என்றால் அரைக் கடலை அளவு எடுத்து வட்டமாகத் தேய்த்து, சில நிமிடத்தில் மங்கியதும் சுத்தமான துணியால் மினுக்குங்கள். மறுநாள் இரண்டாவது தடவை. தடிப்பாகப் போட்டால் பலன் கூடாது, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும்.

எப்போது செய்வது என்பதும் ஊரைப் பொறுத்தது. ஹட்டன், நாவலப்பிட்டி போன்ற மேற்குச் சரிவில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் வேலையை முடித்துவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் காய்ந்த காற்று வீசும். அங்கே அதுதான் காலம், ஒக்டோபர் மழைக்கு முன்.

வால்நட் மரப்பிடியைக் கழற்றலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். இரண்டு திருகுதான், ஆனால் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளி ஒரே சுற்றில் தலையைச் சிதைத்துவிடும். பிடி ஆடினாலோ, ஓரத்தில் துரு கசிந்தாலோ மட்டும் கழற்றி, உள்ளே ஓடும் இரும்பில் வாசலின் தடவிப் பூட்டுங்கள். மரம் வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியே காயவிட்டோ, தண்ணீரில் நனைத்தோ எறியுங்கள்.

உறைக்குள்ளா, வெளியிலா

பூச்சைவிட இது பெரிய தீர்மானம். தோலுறைக்குள் அலகை வைத்தால் எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. தோல் பதனிட்ட மரப்பட்டைச் சாறு அமிலத்தன்மை உடையது. தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஈரமான காற்றில் 100 கிராம் தோல் 15 கிராமுக்குக் குறையாமல் நீரை வைத்திருக்கும். மூடி இறுகிய 20 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டியின் காற்றில் மழைநாளிலும் இருப்பது கால் கிராம் நீர் மட்டுமே. கணக்கு தெளிவாக இருக்கிறது: பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுவருவது உறைதான். 100 கிராம் சிலிக்கா ஜெல் 20 கிராம் அளவு நீரை உறிஞ்சியதும் களைத்துவிடும். ஓர் உறையே அதைத் தீர்த்துவிடும். ஆகவே அலகு தனியே பெட்டியில், உறை தனியே காற்றாட. இரண்டையும் சேர்த்துக் காட்ட ஆசையென்றால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 40இலிருந்து 50 சதவீதம் போதும். ஈரமானி வாங்கினால் நம்புமுன் சோதியுங்கள்: ஒரு மேசைக்கரண்டி உப்பில் சில சொட்டு நீர் விட்டு, சேறு மாதிரி ஆக்கி, ஒரு மூடியில் வைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்து கழித்துப் படியுங்கள். சிலிக்கா ஜெல்லில் செம்மஞ்சள் நிற வகையை வாங்கலாம். நீல வகையில் கோபால்ட் நஞ்சு உண்டு, சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. நிறம் மாறியதும் 120 பாகை ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். பெட்டிக்குள் பத்திரிகைக் கடதாசியும் ஸ்பொஞ்சும் வேண்டாம். கடதாசியில் அமிலம்; ஸ்பொஞ்சு ஈரத்தைக் குடித்து, வருடங்களில் பொடியாகி அலகில் ஒட்டும்.

கண்டிக் கத்தியான பிஹா கெத்த கைக்கு வந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அதில் வெள்ளி, பித்தளை வேலைப்பாடும் கொம்புப் பிடியும் இருக்கும். எண்ணெய் வேலைப்பாட்டுக்கு அடியில் புகுந்து கறுக்கும். அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ் இடுக்கில் தங்கி அரிக்கும். மெழுகு ஒன்றே, அதுவும் ஒரு தடவை. யானைத் தந்தப் பிடி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், சட்டச் சிக்கல் தேடி வரும். பயனெட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். வாங்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், விற்றவரின் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

தனியே வைத்த தோலுறைக்கு எண்ணெய் தேவையில்லை. வெடித்த தோலில் பசு நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவினால் தையல் நூல் உக்கும், பித்தளை வாயுள்ள பழைய உறைகளில் பச்சைப் பிசின் திரளும். பிசின் ஏற்கெனவே இருந்தால் மரக்குச்சியால் சுரண்டி, பித்தளையில் மட்டும் மெழுகு பூசுங்கள். உறை சப்பையாகாமலிருக்க உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய மெல்லிய மரப்பட்டி ஒன்றைச் செருகி, படுக்கையாக வைக்கலாம். ஆணிப் பயனெட்டின் இரும்புக் குழாய் உறையை மட்டும் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே பூக்கும் பனி அடியில்தான் தேங்கும், ஆணியின் நுனி அங்கேதான் முதலில் தின்னப்படுகிறது.